மழைக்குப் பின் வீடு: ஒழுகல், ஓதம், விரிசல், கரையான்

கேள்வி: ஐயா, ஐப்பசி மழை பிடித்தால் எங்கள் மாடி அறையின் உட்கூரை சொட்டுகிறது. சென்ற ஆண்டு தட்டோட்டின் (மாடித் தளத்தில் பதித்த ஓடு) மேல் வாட்டர் ப்ரூஃபிங் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: கறை படிந்த இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று எண்ணிப் பெயிண்ட் வாங்குவதால்தான் பணம் வீணாகிறது. தட்டோட்டின் இடுக்கில் இறங்கிய நீர், அடியிலுள்ள செங்கல் ஜல்லி அடுக்கில் பரவி, காங்கிரீட்டில் வழி கிடைத்த இடத்தில் சொட்டும். நுழைந்த இடம் பத்தடி தள்ளிக்கூட இருக்கலாம். ஆகவே மழை விட்ட மறுநாள் காலையில் மொட்டை மாடிக்கு ஏறி, மற்ற இடமெல்லாம் உலர்ந்த பின்னும் எங்கே தரை கருத்து ஈரமாக நிற்கிறது என்று பாருங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் சுவரின் அடி ஆகிய மூன்றையும் முதலில் சோதியுங்கள். நான் பார்த்த ஒழுகல்களில் பெரும்பாலானவை இவற்றில் ஒன்றில்தான் தொடங்கின. ஐயம் தீரவில்லையெனில், கோடையில் சிறு சிறு பகுதியாக வரப்புக் கட்டி, ஓரங்குல நீரை 24 முதல் 48 மணி நேரம் தேக்கிப் பார்க்கலாம். ஆனால் நூறு சதுர அடியில் ஓரங்குல நீரே சுமார் 235 கிலோ எடை கொண்டது என்பதால், கம்பி தெரியும் பழைய தளத்தில் இதைச் செய்யாதீர்கள். வாட்டம், அதாவது நீர் வடியும் சரிவு, சரியில்லாமல் நீர் தேங்கும் மாடியில், வாட்டத்தைத் திருத்தாமல் எந்தப் பூச்சும் நெடுநாள் நிற்காது.

கேள்வி: கீழ்த்தளச் சுவரில் இடுப்பு உயரம் வரை பெயிண்ட் உரிந்து, வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. பட்டி வைத்து மறைக்கலாமா?

பதில்: மறைக்க வேண்டாம். கடைக்காலிலிருந்து (அஸ்திவாரத்திலிருந்து) செங்கல் உறிஞ்சி ஏற்றும் நீர், சுவரின் மேற்பரப்பில் உலரும்போது விட்டுச் செல்லும் உப்பே அந்தப் பொடி. நீர் வெளியேறும் வழியைப் பட்டியால் அடைத்தால், ஓதம், அதாவது இந்தச் சுவர் ஈரம், இன்னும் ஓரடி மேலேறும். முதலில், ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு புறமும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள்: தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது, வெளிப்புறம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், சன்னலைத் திறந்து வைத்தாலே பெரிதும் குறையும். பிறகு வீட்டுக்கு வெளியே பாருங்கள். சாலையை ஒவ்வொரு முறையும் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் தெரு உயர்ந்து, வீட்டுத் தரை பள்ளமாகிப்போன இடங்கள் நம் ஊர்களில் ஏராளம். அங்கே சுவரை ஒட்டி நீர் தேங்காமல் வடிகால் அமைக்காதவரை உள்வேலை எதுவும் பலிக்காது. உப்பை உலர்ந்த தூரிகையால் துடையுங்கள். கழுவினால் அது கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போகும்.

கேள்வி: சன்ஷேடின் அடியில் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிகிறது. சிமெண்ட் பூசிவிடலாமா?

பதில்: துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அந்த அழுத்தமே காரையைத் தள்ளியது. துருவின் மேல் பூசினால் அடுத்த மழைக்குள் மீண்டும் விழும். கம்பியின் பின்புறம் வரை கொத்தி, கம்பித் தூரிகையால் பளபளக்கத் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் கட்டுமானப் பொறியாளரிடம் காட்டாமல் தொடாதீர்கள். அதுவரை அதன் கீழே யாரும் நிற்க வேண்டாம்.

கேள்வி: சுவர் விரிசல்களில் எது ஆபத்து?

பதில்: பூச்சில் மயிரிழையாக ஓடுவது பெரும்பாலும் கவலைக்குரியதன்று. சன்னல் மூலையிலிருந்து சாய்வாகவோ, செங்கல் வரிசையில் படிப்படியாகவோ இறங்குவது கடைக்கால் அமிழ்வதைக் காட்டலாம். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தாலோ அகன்றாலோ பொறியாளரை அழையுங்கள்.

கேள்வி: கதவு நிலையில் கரையான் மண் ஏறுகிறது.

பதில்: சிறிது இடத்தில் மட்டும் மண்ணைத் தட்டிவிட்டு இரண்டு மூன்று நாள் பொறுங்கள், அவ்விடம் மீண்டும் மூடப்பட்டால் கரையான் உயிரோடு நடமாடுகிறது. புற்று நிலத்தில் இருப்பதால், நிலையின் மேல் மருந்து தெளிப்பது போதாது. சுவரும் தரையும் சேரும் கோட்டில் ஏறக்குறைய ஓரடிக்கு ஒரு துளையாக 12 மில்லிமீட்டர் அளவில் இட்டு, கீழுள்ள மண்ணில் மருந்து இறக்கி அடைப்பதே முறை. மருந்து நஞ்சு என்பதால் இதைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.