கட்டுரை எழுதி கூகுளை என்ன செய்துவிட முடியும்?

அன்புள்ள சார்,

என் மகன் சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு. கோர்ட்டுப் பக்கம் போகமாட்டானாம். போட்டிச் சட்டத்தில் மேற்படிப்பு படித்து, டெக் கம்பெனிகளின் ஏகபோகத்தை ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் ஆகப்போகிறானாம். கட்டுரை எழுதி கூகுளை என்ன செய்துவிட முடியும் என்று கேட்டால் சிரிக்கிறான். சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கட்டுரைக்கெல்லாம் கூகுள் பயப்படாது, உண்மைதான். ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்ததும் கொலம்பியா சட்டக் கல்லூரிப் பேராசிரியர் டிம் வூ ஞாபகத்துக்கு வந்தார்.

அவர் முதலில் படித்தது உயிர்வேதியியல். அப்புறம் ஹார்வர்டில் சட்டம். பிறகு நீதிபதி ரிச்சர்ட் போஸ்னரிடம் உதவியாளர். விலை ஏறாதவரை பெரிய கம்பெனிகளைச் சும்மா விடுங்கள் என்ற சிகாகோ சிந்தனையின் பெரிய தலை போஸ்னர். சிஷ்யர் பின்னாளில் நேர் எதிர்ப்பக்கம் போய் நின்றது தனிக்கதை. நடுவில் சிலிக்கன் பள்ளத்தாக்கில், நெட்வொர்க் கருவிகள் விற்கும் கம்பெனியிலும் வேலை பார்த்திருக்கிறார்.

2003இல் வந்த அவருடைய கட்டுரைதான் விஷயம். அமெரிக்காவின் பெரிய பிராட்பேண்ட் கம்பெனிகள் வாடிக்கையாளருக்குப் போடும் நிபந்தனைகளை எடுத்துவைத்துப் படித்தார். அதையெல்லாம் யார் படிப்பார்கள்? வீட்டு இணைப்பில் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்கில் ரகசியமாக இணையும் வழி) கூடாது, சர்வர் வைக்கக்கூடாது, ஒரே இணைப்பை நாலு கணினிக்குப் பிரிக்கக்கூடாது என்று கம்பெனிக்குக் கம்பெனி ஒரு தடை. குழாய்த் தண்ணீருக்குக் காசு வாங்கிக்கொண்டு, சமைக்கலாம், துணி துவைக்கக்கூடாது என்பதுபோல. இணைப்பு தருகிற கம்பெனி, அதில் எதைப் பயன்படுத்துகிறோம் என்று பார்த்துப் பாரபட்சம் காட்டக்கூடாது என்று இதற்கு எதிராக அவர் வைத்த கோட்பாட்டின் பெயர்தான் நெட் நியூட்ராலிட்டி.

2015இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் அதைக் கறாரான விதியாக்கியது. 2016 பிப்ரவரியில் நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இணையத்தில் தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் கூடாது என்றது. சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் இங்கிருந்து மூட்டை கட்டியது. அமெரிக்காவில்தான் இழுபறி: 2017இல் ரத்து, 2024இல் மறுபடி விதி, 2025 ஜனவரியில் நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது. இந்தத் தொழிலில் பொறுமை வேண்டும் சார்.

டிம் வூ தேர்தலிலும் நின்றார். 2014இல் நியூயார்க் துணை ஆளுநர் பதவிக்கான உட்கட்சித் தேர்தலில் தோல்வி. 2021இல் பைடனின் வெள்ளை மாளிகை கூப்பிட்டது. அங்கே அவர் பங்கெடுத்து உருவாக்கிய, சந்தையில் போட்டியை வளர்ப்பதற்கான அதிபர் ஆணையில் 72 நடவடிக்கைகள். எனக்குப் பிடித்தது காது மெஷின். மருந்துச் சீட்டு இல்லாமல் அதைக் கடையில் விற்கலாம் என்று 2017இலேயே சட்டம் வந்தும் விதிகள் வராமல் கிடந்தது. இந்த ஆணை முடுக்கியபின், 2022 அக்டோபரிலிருந்து கடைகளில் கிடைக்கிறது.

சொந்தக்காரர்களுக்கு இந்தக் காது மெஷின் கதையைச் சொல்லிப் பாருங்கள். பையன் மேற்படிப்புக்கு முன்னால் ஏதாவது கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தால் நல்லது. அதற்கும் முன்னால், உங்கள் வீட்டு இன்டர்நெட் இணைப்பின் நிபந்தனைகளை அவன் கையில் கொடுங்கள். முழுசாகப் படித்தானா என்று ஒரு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள்.