ஒரு கிரவுண்டு வீட்டைச் சுற்றி எந்த மரம், எந்தச் செடி வைக்கலாம்? எப்படிப் பார்த்துக்கொள்வது?

தாம்பரம் பக்கம் ஒரு கிரவுண்டில் (2,400 சதுர அடி) புது வீடு, வீட்டில் சின்னக் குழந்தை. கிழக்கு வாசல், முன்னால் 12 அடி. பின்னால் மேற்கே 8 அடி, தெற்கே 7, வடக்கே 3. களிமண், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். சீக்கிரம் வளர்ந்து நிழல் தரும் மரம், பூச்செடிகள், முன்னால் புல்தரை வேண்டும். இதுதான் நீங்கள் கேட்டிருப்பது. நாங்களும் இதே மண்ணில், இதே அளவு மனையில் இருபது வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறோம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"சீக்கிரம் வளரும்" என்ற சொல்லை மட்டும் முதலில் விட்டுவிடுங்கள். 2002இல் வீடு கட்டி முடித்ததும் நாங்களும் அதைத்தான் நர்சரியில் கேட்டோம். குல்மொஹர் கொடுத்தார்கள். ஆறு அடி உயரம், கையகலப் பையில் நின்றது. நான்கே வருடத்தில் வாசல் முழுக்க நிழல், மே மாதம் வந்தால் தெருவே சிவப்பு. அக்கம்பக்கத்தில் எல்லோரும் விதை கேட்டு வாங்கிப் போனார்கள்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். மதியம் வரை அடித்த காற்றைத் தாங்கி நின்றது மரம். நடுவில் காற்று ஓய்ந்தது. பிறகு எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடித்தபோது வேரோடு சாய்ந்து காம்பவுண்டு சுவரைப் படுக்கவைத்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. மறுநாள் மரத்தை அறுக்க வந்த பெரியவர் வேர்ப்பகுதியைக் காட்டி, "ஐயா, இங்க வந்து பாருங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டார். பதினான்கு வருடத்து மரத்தின் அடியில், நாற்றுப்பையின் வட்டம் அப்படியே இருந்தது. பைக்குள் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர் மணிக்கட்டு தடிமனுக்குப் பருத்து, அடிமரத்தையே கயிறு போட்டுக் கட்டினாற்போல் இறுக்கியிருந்தது. அந்த வளைவுக்குள் கறுப்புப் பாலித்தீன் துண்டு ஒன்று கூடச் சிக்கியிருந்தது. பக்கத்து வீட்டுப் புங்கமரம் இரண்டு கிளைகளை இழந்துவிட்டு நிமிர்ந்து நின்றது.

குல்மொஹர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. கட்டை சட்டென்று முறியும், வேர் மேலாகப் படரும். அந்தப் புயலில் சென்னையில் விழுந்ததில் குல்மொஹர், இயல்வாகை, தூங்குமூஞ்சி எல்லாம் ஏராளம். ஆனால் எங்கள் மரத்தைச் சாய்த்ததில் ஜாதிக்கு ஒரு பங்கு என்றால், நாங்கள் வாங்கிய விதத்துக்கும் நட்ட விதத்துக்கும் இன்னொரு பங்கு உண்டு. அதனால்தான் யார் கேட்டாலும் பூவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வேரைப் பற்றிப் பேசுகிறேன்.

நர்சரிக்குப் போனால் உயரமான கன்று கண்ணை இழுக்கும். சின்னப் பையில் உயரமாக நிற்கும் கன்று பைக்குள்ளேயே வயதானது. மூன்று நான்கு அடி உயரத்தில், தண்டு அடியில் பருத்து மேலே சிறுத்து, குச்சியில் கட்டாமலே நிற்கும் கன்றாகப் பார்த்து எடுங்கள். பையைத் தூக்கி அடியைப் பாருங்கள். தடித்த வேர் பையைக் கிழித்துக்கொண்டு தரைக்குள் போயிருந்தால் வேண்டாம். வீட்டில் பையை முழுவதும் உரித்து எடுத்துவிட வேண்டும். மண் கட்டியைச் சுற்றி வேர் வளையமாக ஓடினால், பிளேடால் நாலு பக்கமும் மேலிருந்து கீழாக ஒரு விரற்கடை ஆழத்துக்குக் கீறிவிடுங்கள். வேரை வெட்டுகிறோமே என்று மனசு பதறும். ஆனால் வெட்டுப்பட்ட இடத்திலிருந்து புது வேர் வெளிநோக்கி நேராக ஓடும். கீறாத வேர் வட்டமாகவேதான் பருக்கும்.

களிமண்ணில் குழி எடுப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மூன்றடிக்கு மூன்றடி தோண்டி, வந்த மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, செம்மண்ணும் மணலும் எருவும் நிரப்பச் சொல்வார்கள். களிமண் பூமியில் அது தொட்டி கட்டியது மாதிரி ஆகிவிடும். சுற்றியுள்ள களி தண்ணீரை விடாது, மழையெல்லாம் அந்தக் குழியில் வந்து தேங்கும், வேரும் அந்த நல்ல மண்ணை விட்டு வெளியே போகாது. தோண்டிய மண்ணிலேயே மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழுவுரமும் இரண்டு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கும் கலந்து திருப்பிப் போடுங்கள். நடுவதற்கு முன் குழி நிறையத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மறுநாளும் நின்றால் அங்கே பள்ளத்தில் நடக் கூடாது. ஒரு அடி மேடு போட்டு அதன்மேல் நடுங்கள். எங்கள் வீட்டில் எல்லாமே மேட்டில்தான். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம் தரையிலும் இருக்கட்டும், தண்டைப் புதைக்காதீர்கள். ஒட்டுக்கன்று என்றால் ஒட்டு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

நடுவதற்கு ஆடி, ஆவணி நல்லது. சென்னைப் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்குள் வேர் பிடித்துவிட்டால் மழை முழுவதும் கன்றுக்குச் சேரும், அடுத்த கோடையைத் தாங்கிவிடும். சித்திரையில் நட்டுவிட்டு வாளி சுமக்க வேண்டாம்.

இனி எது எங்கே.

முன்பக்கம் 12 அடிக்கு ஒரே ஒரு மரம். நான் மகிழம் வைக்கச் சொல்வேன். விழுந்த குல்மொஹர் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் 2017இல் நாங்கள் வைத்தது அதுதான். மெதுவாகத்தான் வளரும், முதல் மூன்று வருடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் எப்போதும் இலையோடு இருக்கும், தலை அடக்கமாகத் திரளும், கட்டை உறுதி. பூ இரவில் உதிர்ந்து விடிகாலையில் மேடெல்லாம் சின்னச் சின்னச் சக்கரமாகக் கிடக்கும். நடுவில் துளை இருப்பதால் முடிச்சே போடாமல் வாழைநாரில் அப்படியே கோத்துவிடலாம். அம்மா தினமும் ஒரு சரம் கோக்கிறார். வாடிக் காய்ந்த பிறகும் மணம் போகாது. பீரோவுக்குள் போன வருடத்துச் சரம் ஒன்று இன்னும் இருக்கிறது. செப்டிக் டேங்க், சம்பு (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) இரண்டிலிருந்தும் பத்தடியாவது தள்ளி இடம் பாருங்கள். மகிழத்துக்கென்று இல்லை, எந்த மரத்துக்கும் இது பொருந்தும். குழாய் இணைப்பில் கசிவு இருந்தால் வேர் தேடிப் போய்விடும்.

புங்கம் எனக்கு உயிர். தேங்கும் தண்ணீரையும் தாங்கும், உப்புக்காற்றையும் தாங்கும். மாசி, பங்குனியில் இலை உதிர்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் தளதளவென்று புது இலை போட்டுக்கொள்ளும். ஆனால் குடை விரித்தாற்போல் படர்கிற மரம் அது. உங்கள் 12 அடிக்குள் அடக்க வருடா வருடம் வெட்ட வேண்டியிருக்கும். தெருவோரம் இடம் இருந்தால் உள்ளாட்சியில் கேட்டுவிட்டு அங்கே வையுங்கள். பூதான் முக்கியம் என்றால் சரக்கொன்றை. சித்திரையில் மஞ்சள் சரம் தொங்கும், பின்பனியில் மொட்டையாக நிற்கும், அதற்குச் சம்மதமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்கே 8 அடியில் மாலை வெயில் சுவரைச் சுடும். ஒரு கொய்யா, ஒரு சீத்தா வைத்தால் இரண்டு மூன்று வருடத்தில் அந்த அறை குளிர்வது தெரியும். துணி துவைக்கிற, குளிக்கிற தண்ணீர் அந்தப் பக்கம் வருகிறதென்றால் கல்வாழை வரிசை போட்டு அதன் வழியாக வாழைக்கு விடுங்கள். வாஷிங் மெஷின் தண்ணீர் முழுவதையும் ஒரே இடத்தில் கொட்டினால் மண் இறுகிவிடும். முருங்கையும் வேண்டுமென்றால் இங்கே, சுவரிலிருந்து தள்ளி, மேட்டில். தண்ணீர் நின்றால் அழுகிவிடும், காற்றுக்குக் கிளை ஒடியும். காய் முடிந்ததும் இடுப்பளவுக்குக் கவாத்து செய்துவிட வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 ரகம் விதையிலிருந்தே சீக்கிரம் காய்க்கும், சின்ன இடத்துக்கு ஏற்றது.

தெற்கே 7 அடியில் எலுமிச்சை, கறிவேப்பிலை, செம்பருத்தி, இட்லிப்பூ, ஓரத்தில் ஒரு பவழமல்லி. வடக்கே 3 அடியில் மரம் எதுவும் வேண்டாம், நிழலுக்குப் பழகிய வெற்றிலைக் கொடியும் ஓமவல்லியும் போதும்.

வேண்டாதவையும் சொல்லிவிடுகிறேன். அசோகா என்று விற்கும் நெட்டிலிங்கம் (நிஜ அசோகம் வேறு மரம்) சுவரோரம் வரிசையாக வைத்தால் நிழலும் இல்லை, உயரம் மட்டும் ஏறும். கோனோகார்பஸ் வேலிக்கு மூன்று மாதத்தில் பச்சை கட்டும், வேர் குழாய்களுக்குள் போகும், மகரந்தம் சிலருக்கு மூச்சுத் தொந்தரவு தரும் என்பதால் குஜராத் அரசு 2023இல் அதை நடவே தடை போட்டது. அரளி அழகுதான், ஆனால் முழுச் செடியும் விஷம். கேள்வியில் சின்னக் குழந்தை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் இப்போதைக்கு வேண்டாம். காக்கை எச்சத்தில் சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைத்தால் விரல் நீளத்தில் இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். நிறையப் பேர் தினமும் ஒரு செம்பு ஊற்றுகிறார்கள். மேல்மண் மட்டும் நனைந்து, வேரும் மேலேயே தங்கிவிடுகிறது. முதல் வருடம் வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு கன்றுக்கு ஒரு வாளி, மெதுவாக விடுங்கள். தண்டை ஒட்டி ஊற்றாமல் ஓரடி தள்ளி வட்டமாகப் பாத்தி கட்டுங்கள். ஊற்றுவதற்கு முன் விரலை இரண்டு கணு உள்ளே விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். களிமண்ணில் தண்ணீர் குறைந்து செத்த கன்றைவிட அதிகமாகிச் செத்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன். காய்ந்த இலையை எரிக்காமல் நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டைத் தொடாமல். சித்திரை வெயிலில் அதை விலக்கிப் பார்த்தால் கீழே மண் குளிர்ந்து, மண்புழு நெளியும்.

பூச்சிக்குப் பதறி மருந்து வாங்க ஓட வேண்டாம். எலுமிச்சை, கறிவேப்பிலை இலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருக்கும். தொட்டால் தலையிலிருந்து சிவந்த இரு கொம்பு நீட்டி நாற்றம் விடும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது, கொஞ்சம் வளர்ந்ததும் பச்சையாகிவிடும். கன்று சிறியது என்றால் கையால் எடுத்துப் பெரிய செடியில் விடுங்கள். புங்க இலையில் கொப்புளம் கொப்புளமாக வந்தாலும் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் குழாயை வேகமாகத் திறந்து அடித்து, மாலையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் கலந்து இலையின் அடியில் தெளியுங்கள், வாரம் ஒரு முறை, மூன்று வாரம். 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டி மல்பெரி, மரவள்ளி வரை பரவியபோது மருந்து அடித்து அடக்க முடியவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. கடுமையான மருந்து அப்படிப்பட்ட குளவிகளையும் சேர்த்துக் கொன்றுவிடும் என்பதால்தான் எங்கள் வீட்டில் அது நுழைவதே இல்லை.

புயலுக்கு முன் மரத்தை மொட்டையடிக்கும் வழக்கம் எங்கள் தெருவிலும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். வெட்டிய முனையிலிருந்து கொத்தாக வரும் கிளைகள் மேலாக ஒட்டிக்கொண்டிருப்பவை, அடுத்த காற்றுக்கு அவைதான் முதலில் பிய்ந்து விழும். புரட்டாசியில் காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்பக்கம் அடர்ந்தவை இவற்றை மட்டும் எடுத்து, காற்று ஊடே போக வழி விடுங்கள். கிளை அடிமரத்தில் சேரும் இடத்தில் மோதிரம் போல ஒரு புடைப்பு இருக்கும். அதற்கு வெளியே அறுத்தால் பட்டை தானே வளர்ந்து மூடிக்கொள்ளும். புடைப்பையும் சேர்த்து வழித்து அறுத்தால் அழுகல் உள்ளே இறங்கும்.

வீடு கட்டியவர் காம்பவுண்டு வரை சிமெண்ட் தளம் போட்டுத் தருகிறேன் என்பார். சம்மதிக்காதீர்கள். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வரை போட்ட கான்கிரீட்டை உடைத்தெடுக்கச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே உத்தரவிட்டது. மகிழத்துக்கு அந்த ஒரு மீட்டரையாவது மண்ணாக விடுங்கள். கார் நிற்கும் இரண்டு சக்கரத் தடத்துக்கு மட்டும் கல் பதித்தால் போதும்.

புல்தரைக்கு வருகிறேன். கொரியன் புல் போடலாம்தான், ஆனால் கோடையில் தினமும் தண்ணீர் கேட்கும், மரத்து நிழல் விழுந்த இடத்தில் சொட்டை சொட்டையாகும், களிமண்ணில் மழைக்குச் சேறாகும். நாங்கள் பொடுதலை விட்டிருக்கிறோம். ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் தானாகப் படரும் செடி. நின்ற தண்ணீரையும் பொறுக்கும், கோடையில் வாடினாலும் திரும்பத் தழைக்கும், நடமாட்டத்தையும் தாங்கும். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சின்னப் பூ வைக்கும், காலையில் அதன்மேல் தாழப் பறக்கும் பட்டாம்பூச்சிகளை எண்ண முடியாது. ஒரு பிடி வேரோடு எடுத்துவந்து கணுக்கணுவாகக் கிள்ளி, அரையடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். ஆவணியில் ஊன்றினால் தை பிறப்பதற்குள் தரை தெரியாமல் மூடிவிடும்.