விளையாட்டின் நடுவே கணினி அணைந்து மறுபடி துவங்குவது குறித்து

வணக்கம். புதிய கிராஃபிக்ஸ் கார்டைப் பொருத்திய பிறகு, விளையாடத் தொடங்கிய பத்து நிமிடங்களுக்குள் பிழையைக் காட்டும் நீலத் திரைகூட வராமல் கணினி சட்டென்று அணைந்து மறுபடி துவங்குகிறது என்றும், வெப்பநிலை 70 டிகிரியைத் தாண்டவில்லை என்றும், டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) இருமுறை மாற்றி நிறுவியும் பயனில்லை என்றும், ரேமை 32 ஜிபியாக உயர்த்த எண்ணியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். டிரைவர் கோளாறு என்றால் பெரும்பாலும் விளையாட்டு மட்டும் மூடிக்கொள்ளும், அல்லது திரை உறைந்து நிற்கும். மின்சாரமே போனதுபோல் அணைவதைப் பார்த்தால் எனக்குப் பவர் சப்ளையின் (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியின்) மீதுதான் சந்தேகம்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கார்டுக்குச் செல்லும் கேபிளைப் பாருங்கள். ஒரே கேபிளிலிருந்து கிளைபிரியும் இரண்டு 8 பின் இணைப்பிகளையும் கார்டில் செருகியிருந்தால், அதை மாற்றி, பவர் சப்ளையிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள்களைக் கொண்டுவாருங்கள். கார்டு பொருந்தும் மதர்போர்டு ஸ்லாட்டுக்கு 75 வாட், ஒரு 8 பின் இணைப்பிக்கு 150 வாட் என்பதே தர வரையறை. ஆனால் கார்டு சில மில்லிவினாடிகளுக்குத் தன் சராசரியைவிட மிக அதிகமாக இழுக்கும்போது, வலுவிழந்த பவர் சப்ளையின் மின்னழுத்தம் சரிந்துவிடும், அல்லது அதன் பாதுகாப்புச் சுற்று எல்லாவற்றையும் அணைத்துவிடும். கூடுதல் கேபிள் வேண்டுமென்று வேறொரு பவர் சப்ளையின் கேபிளை மட்டும் எடுத்துச் செருகிவிடாதீர்கள்: கார்டுப் பக்க முனை ஒன்றுபோலவே இருந்தாலும், மறுமுனையில் பின்களின் வரிசை மாறுபடலாம். சேமிப்பகத்துக்கு மின்சாரம் தரும் சாட்டா கேபிளில் இதே தவற்றைச் செய்து ஓர் எஸ்எஸ்டியை (சேமிப்பகத்தை) நான் பலிகொடுத்திருக்கிறேன்.

அதன் பிறகும் அணைந்தால், கார்டின் பவர் லிமிட்டை (அது இழுக்கக்கூடிய மின்சக்தியின் உச்சவரம்பை) 80 சதவீதமாகக் குறைத்து ஒரு மணி நேரம் விளையாடிப் பாருங்கள். அப்போது மட்டும் நிலையாக ஓடினால் பவர் சப்ளையை மாற்ற வேண்டியதுதான். ரேமை உயர்த்தும் எண்ணத்தை அதுவரை தள்ளிவையுங்கள்.