‘டு’வுக்குப் பின்னால் ‘இங்’ வருமா?

கேள்வி: எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு பையருக்கு ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று மெயில் போட்டேன். ‘ஹியரிங்’ என்று வர வேண்டுமாம்; மேனேஜர் திருத்தினார். ‘டு’ வந்தால் ‘இங்’ வராது என்றுதானே படித்தோம்? இதற்காக ஒரு கோர்ஸில் சேரலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: மேனேஜர் சொன்னதுதான் சரி.

ஆங்கிலத்தில் இரண்டு ‘டு’ உண்டு. ‘வான்ட் டு கோ’வில் வருவது வினையோடு ஒட்டிய ‘டு’; அதன் பின்னால் வெறும் வினைதான். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’வில் இருப்பதோ ‘இன்’, ‘அட்’, ‘ஃபார்’ வகையறா, அதாவது ப்ரெபோசிஷன். அதன் பின்னால் வினை வந்தால் ‘இங்’ கட்டாயம். ‘தேங்க் யூ ஃபார் சென்டிங்’ என்று நீங்களே தினமும் எழுதுவீர்கள்.

எந்த ‘டு’ என்று சந்தேகம் வந்தால், வினையை எடுத்துவிட்டு ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்’ என்று சொல்ல முடிகிறது, ஆகவே ‘இங்’. ‘ஐ வான்ட் டு இட்’ என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே ‘இங்’ வேண்டாம். ‘யூஸ்ட் டு’ குழப்பமும் இதில் தீர்ந்துவிடும். ‘ஐ ஆம் யூஸ்ட் டு இட்’ சரி என்பதால், ‘ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் லேட்’ சரி: இரவு வெகுநேரம் வரை வேலை பார்த்துப் பழக்கம் என்று பொருள். ‘ஆம்’ இல்லாமல் ‘ஐ யூஸ்ட் டு வொர்க் லேட்’ என்றால், முன்பு பார்த்தேன், இப்போது இல்லை. இன்டர்வியூவில் இதை மாற்றிச் சொன்னால் வேலை கைநழுவலாம்.

கோர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ‘ஒரே ஃபார்முலா’ என்று கூவி விற்கிறார்களே, அது இதுதான்: இனி நடக்கப்போவதற்கு ‘டு’, நடப்பதற்கும் நடந்ததற்கும் ‘இங்’. ஹோப், டிசைட், ப்ராமிஸ் எல்லாம் ‘டு’; என்ஜாய், ஃபினிஷ், அட்மிட் எல்லாம் ‘இங்’. பாதி தூரம் ஓடும். ‘சஜஸ்ட்’ வந்ததும் குடை சாய்ந்துவிடும். யோசனை சொல்வது இனி நடக்க வேண்டியதைப் பற்றித்தான். ஆனாலும் ‘ஐ சஜஸ்ட் சேஞ்சிங் த கலர்’ என்றே எழுத வேண்டும். ‘ஐ சஜஸ்ட் யூ டு சேஞ்ச்’ நம் ஆபீஸ் மெயில்களில் தாராளமாகப் புழங்குகிறது, தவறுதான். ‘யூ’ வேண்டுமென்றால் ‘ஐ அட்வைஸ் யூ டு சேஞ்ச்’ என்று போய்விடுங்கள். ஃபார்முலா விற்பவரிடம் ‘சஜஸ்ட்’டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார். இருநூறு வினைகளின் பட்டியலை பிடிஎஃப்பாக விற்பவர் இன்னும் மோசம். மனப்பாடம் செய்த பட்டியல் மெயில் அடிக்கும்போது கைக்கு வராது.

அவர்களைச் சொல்லி என்ன பயன்? கோடிட்ட சொல் ஜெரண்டா (‘இங்’ போட்ட வடிவம்), இன்ஃபினிடிவா (‘டு’ போட்ட வடிவம்) என்று பெயர் சொன்னால் மார்க் போடுகிறது நம் தேர்வு முறை. பெயரைச் சரியாகச் சொன்ன பிள்ளை நாலு வரி மெயிலுக்குத் திணறுகிறது. அந்தத் திணறல்தான் கோர்ஸ் நடத்தும் சென்டர்களின் முதலீடு.

சில வினைகளில் ‘டு’ வந்தால் ஒரு பொருள், ‘இங்’ வந்தால் வேறு பொருள்; அவற்றில் ‘ஸ்டாப்’ மட்டும் இப்போதைக்குப் போதும். ‘ஹி ஸ்டாப்ட் டு செக்’ என்றால் சரிபார்க்க நின்றார். ‘ஸ்டாப்ட் செக்கிங்’ என்றால் சரிபார்ப்பதையே விட்டுவிட்டார். பையர் பதறிவிடுவார்.

கோர்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் அகராதி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. சந்தேகம் வரும் வினையைத் தட்டினால், அதன் பின்னால் ‘டூயிங் சம்திங்’ வருமா, ‘டு டூ சம்திங்’ வருமா என்று உதாரணத்தோடு காட்டிவிடும். மெயிலை அனுப்பும் முன் பாருங்கள்.