'லாயக்கில்லை' என்று சொல்லும் மனசை எப்படி மாற்றுவது?

கேள்வி: ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டு முறை தவறிவிட்டேன். முதலில் 150-க்கு 71, அடுத்து 79. புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த, வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை பீரோ கண்ணாடியில் ஒட்டி தினமும் காலையில் வாசிக்கிறேன். ஐந்து வருஷமாக ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனாலும் 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பு போகமாட்டேன் என்கிறது. என் விசுவாசம் குறைவா? மனதை மாற்ற என்ன செய்ய வேண்டும்?
- வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: சகோதரி, விசுவாசம் குறைந்தவர்களுக்குத்தான் இப்படித் தோன்றும் என்றால் வேதாகமத்தின் பெரிய தீர்க்கதரிசி எலியாவை என்ன சொல்வது? 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை இன்று ராத்திரி நிதானமாக வாசியுங்கள். கர்மேல் மலையில் தன் ஜெபத்துக்கு வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைப் பார்த்த மனுஷன், அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்கிறார். "நான் என் பிதாக்களைப்பார்க்கிலும் நல்லவன் அல்ல" என்கிறார். உங்கள் 'லாயக்கில்லை'க்கும் அதற்கும் அதிக தூரமில்லை.

அவருக்கு முதலில் கிடைத்தது பிரசங்கம் இல்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர், தூக்கம். மறுபடியும் அதேபோல் சாப்பாடு. நீங்கள் ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், காலையில் சாப்பிடுகிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. அதை முதலில் சரிசெய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ பசியோ இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகலாம் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுவதை யாரும் அவிசுவாசம் என்று சொல்வதில்லையே, இதுவும் அப்படித்தான்.

அப்புறம் எலியா போய்த் தங்கிய குகை. நான் பலமுறை நின்று வாசித்த இடம் அது. "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கர்த்தர் கேட்கிறார். 'நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்' என்று எலியா புலம்புகிறார். பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, அமர்ந்த மெல்லிய சத்தம் எல்லாம் வருகின்றன. மறுபடியும் அதே கேள்வி. எலியாவின் பதிலும் அதேதான், கிட்டத்தட்ட ஒரு வார்த்தை மாறவில்லை! அவ்வளவு அனுபவத்துக்குப் பிறகும் பழைய நினைப்பு அப்படியே இருக்கிறது. கர்த்தர் அதற்காக அவரைத் திட்டவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அழுது ஜெபித்துவிட்டு, திங்கட்கிழமை அதே நினைப்போடு எழுந்தால் பயந்துபோகாதீர்கள்.

கர்த்தர் கொடுத்த பதிலில் ஒரு வேலையும் ஒரு கணக்கும் இருந்தன. போய் எலிசாவை உன் ஸ்தானத்தில் தீர்க்கதரிசியாக அபிஷேகம்பண்ணு என்பது வேலை. பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்பது கணக்கு. 'ஒருவன் மாத்திரம்' என்ற நினைப்புக்கு முன்னால் 7,000 என்ற உண்மையை வைத்தார். உங்களுக்கும் இதையேதான் சொல்வேன். ஒரு நோட்டில் இடது பக்கம் அந்த நினைப்பை வந்தபடியே எழுதுங்கள்: 'நான் எதற்கும் லாயக்கில்லை.' அதை மறைக்காமல் ஆண்டவரிடம் சத்தமாகவே சொல்லுங்கள், சங்கீதக்காரர்கள் அப்படித்தான் ஜெபித்தார்கள். வலது பக்கம் உண்மையை மட்டும் எழுதுங்கள். 71 இப்போது 79 ஆகியிருக்கிறது. ஐந்து வருஷம் பிள்ளைகள் உங்கள் முன்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். 'இரண்டு முறை தவறினேன்' என்பதும் உண்மைதான், அதையும் எழுதுங்கள். எந்தப் பாடத்தில் மதிப்பெண் போனது என்பதையும் சேர்த்து எழுதினால் அடுத்த வேலை என்ன என்று அங்கேயே தெரிந்துவிடும்.

வாக்குத்தத்த அட்டையைக் கழற்ற வேண்டாம். ஆனால் அதை தாயத்து மாதிரி பார்த்தால் பலனில்லை, அந்த வசனத்தை அதன் முழு அதிகாரத்தோடு வாசியுங்கள். "உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்று பவுல் ரோமர் 12:2-இல் எழுதும் அந்தக் கிரேக்க வினைச்சொல், மலையின்மேல் இயேசு மறுரூபமானதைச் சொல்லும் அதே சொல். மூலத்தில் அது தொடர்ந்து நடப்பதைக் குறிக்கிறது, 'மாற்றப்படுங்கள்' என்ற பொருளும் அதில் உண்டு. மாற்றுகிறவர் ஆண்டவர். இடம் கொடுப்பது நம் பங்கு, அதுவும் ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை.

இன்னொன்று. எலியா குகையை விட்டுப் புறப்பட்டு, பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்த எலிசாவிடம் போய்த் தன் சால்வையை அவர்மேல் போட்டார். 'ஒருவன் மாத்திரம்' என்றவருக்குத் துணை கிடைத்தது. உங்கள் சபையில் நீங்கள் நம்புகிற ஓர் அக்காவிடம் வரும் சனிக்கிழமை அந்த நோட்டைக் காட்டுங்கள். வலது பக்கத்தில் நீங்கள் எழுத மறந்ததை அவர்கள் எழுதட்டும்.