வாசகர் கேள்வி – பதில்: பழைய சுவரொட்டிகளும் இணைய ஏலமும்

இம்மாதம் வந்த கடிதங்களில் ஆறு, பழைய திரைப்படச் சுவரொட்டிகளை இணைய ஏலத்தில் வாங்குவது, விற்பது பற்றியவையாக இருந்தமையால், ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு அவற்றுக்கே முழு இடத்தையும் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகி): காலஞ்சென்ற என் மாமனார் யாழ்ப்பாணத்துப் படமாளிகை ஒன்றில் வேலை பார்த்தவர். அவருடைய றங்குப்பெட்டியில் 1960களையும் 70களையும் சேர்ந்த தமிழ்ப்படச் சுவரொட்டிகள் முப்பதளவில் மடித்தபடி கிடந்தன. இப்படியான சுவரொட்டி ஒன்றுக்கு இணைய ஏலத்தில் 300 டொலர் வரை விலை போட்டிருப்பதாகக் கனடாவில் இருக்கும் என் மகன் சொல்கிறான். அவ்வளவு பெறுமா?

பதில்: மகன் பார்த்தது, விற்பவர் கேட்கும் விலையாகவே இருக்க வேண்டும். கேட்பதற்கு எல்லை கிடையாது. ஒரே சுவரொட்டி அதே விலையுடன் ஆண்டுக்கணக்காக விற்காமல் கிடப்பதும் உண்டு. ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி இருக்கிறது. கடந்த 90 நாள்களில் அதே படத்தின், அதே அளவுச் சுவரொட்டி எத்தனை விற்றது, என்ன விலைக்கு விற்றது என்பதை அதிலே பார்த்துவிட்டு மகன் மறுபடி பேசட்டும்.

அங்கும் ஒரேயொரு விற்பனையை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். நம் ஊர்க் கோயில் திருவிழாவில் மாம்பழம் ஏலத்துக்கு வரும்போது இரண்டு பேர் விட்டுக்கொடாமல் நின்றால் விலை இலட்சத்தைத் தாண்டுகிறது. அதைக் கண்டு மறுநாள் திருநெல்வேலிச் சந்தையில் எவரும் மாம்பழத்துக்கு அந்த விலை சொல்வதில்லை. 1931ஆம் ஆண்டின் ‘டிராகுலா’ படத்தின் சுவரொட்டி ஒன்று 2017 நவம்பரில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் 525,800 டொலருக்குப் போன செய்தியும் அப்படிப்பட்டதுதான். அந்தச் சுவரொட்டியில் உலகில் எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அந்தத் தொகையிலும் ஏலம் முடிந்த விலைக்கு மேலாக ஏல நிறுவனம் வாங்குபவரிடம் அறவிடும் கட்டணம் சேர்ந்திருக்கிறது.

உங்கள் பெட்டியில் இருப்பவற்றின் உண்மையான பலம் வேறிடத்தில் உள்ளது. ஒவ்வொன்றையும் நிதானமாக விரித்து முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். வெலிங்டன், வின்சர், மனோகரா, ராஜா என்று படமாளிகைகள் நிறைந்திருந்த காலத்து யாழ்ப்பாணத்தில், ஏதோவொரு படமாளிகையின் முத்திரையோ, திரையிட்ட நாளைக் குறித்த பென்சில் எழுத்தோ அங்கே இருந்தால் அதை அழிக்கவோ துடைக்கவோ கூடாது. அழுக்கு என்று நாம் நினைக்கும் அந்த எழுத்துத்தான் அந்தக் காகிதம் எங்கே, எப்போது பயன்பட்டது என்பதற்கான சாட்சி. மடிப்புத் தடங்களைக் குறித்தும் கவலை வேண்டாம். அக்காலத்தில் சுவரொட்டிகள் மடித்தே படமாளிகைகளுக்கு அனுப்பப்பட்டன. மடிப்பை நீக்குவதாக எண்ணி இஸ்திரிக்கைப் பெட்டியை மட்டும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி (கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர்): ‘கர்ணன்’ படத்தின் 1964ஆம் ஆண்டு ‘அசல்’ சுவரொட்டி என்று ஒன்று ஏலத்துக்கு வந்திருக்கிறது. படத்தில் மிக அழகாகத் தெரிகிறது. அசல்தானா என்று வாங்குமுன் அறிய வழியுண்டா?

பதில்: மிக அழகாகத் தெரிவதுதான் எங்களுக்கு முதற் சந்தேகம். அறுபது ஆண்டு கடந்த காகிதம் மடிப்பே இல்லாமல், ஓரங்களும் பழுக்காமல் இருந்தால், அதற்குக் காரணம் கேட்க வேண்டும். மேலும் ‘கர்ணன்’ 2012இல் எண்ணிம முறையில் புதுப்பிக்கப்பட்டு மறுபடி திரைக்கு வந்த படம். ஆகவே அசல், பழைய மறுவெளியீட்டுச் சுவரொட்டி, 2012இன் சுவரொட்டி, அண்மையில் அச்சடித்த பிரதி என நான்கு வகைக் காகிதங்கள் ஒரே பெயரில் உலவ இடமுண்டு. மறுவெளியீட்டுச் சுவரொட்டி போலியன்று. அதை 1964 என்று சொல்லி விற்பதுதான் பிழை.

விற்பவரிடம் மூன்று ஒளிப்படங்கள் கேளுங்கள்: பின்பக்கம் முழுவதும், நான்கு மூலைகள், அடியோரத்தில் அச்சகத்தின் பெயர் உள்ள வரி. பெரும்பாலான பொய்கள் அந்த அடிவரியில்தான் அகப்படுகின்றன. இந்தியாவில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஓகஸ்ட் 15இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ‘சென்னை-2’, ‘மதராஸ்-17’ என்று அஞ்சல் வட்டார எண் மாத்திரமே எழுதுவார்கள். எனவே 600 எனத் தொடங்கும் ஆறு இலக்கம் முகவரியில் இருந்தால் அந்தத் தாள் 1964இல் அச்சானதன்று. தணிக்கைக் குறியும் அவ்வாறே: ‘யுஏ’ என்ற சான்றிதழ் 1983இல் வந்தது.

தமிழ் வாசிப்போருக்கு மட்டும் வாய்த்த சோதனை ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல்தான் ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன் லை, னை, ணை, ளை ஆகியவை முன்னால் தும்பிக்கை போன்ற வளைவுடனும், றா, னா, ணா ஆகியவை கால் தனியே நில்லாமல் எழுத்தோடு சுழித்தும் அச்சாகின. ‘சென்னை’ என்ற ஒரு சொல்லே போதும். அதிலுள்ள ‘னை’ இன்றைய வடிவில் இருந்தால் அந்த வரி பிற்காலத்தில் கோக்கப்பட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பெரும்பாலும் என்கிறோம், திராவிட இயக்கத்தவரின் ஏடுகள் புதிய வடிவத்தை 1930களிலிருந்தே பயன்படுத்தி வந்ததால், அவர்களைச் சார்ந்த அச்சகம் ஒன்று முந்திக்கொண்டிருக்கவும் கூடும். நம் நாட்டில் பழைய வடிவம் 1978க்குப் பின்னரும் நெடுநாள் நீடித்ததால், இங்கே அச்சான தாள்களுக்கு இந்தச் சோதனை பயன்படாது.

பழைய தாளை அப்படியே படம்பிடித்து அச்சடித்தால் இந்த அடையாளங்கள் எல்லாம் பிரதியிலும் வந்துவிடுமே என்று கேட்பீர்கள். வரும். அதற்குப் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்று வேண்டும். அசலில் அடிவரியின் சிற்றெழுத்துகள் ஒரே மையில், விளிம்பு கூராக, உள்ளே இடைவெளியின்றி நிறைந்திருக்கும். படம்பிடித்துச் செய்த பிரதியில் அதே எழுத்துகள் பல நிறப் புள்ளிகளாக உடைந்து காணப்படும். பொருள் கையில் வந்த பின்பே செய்யத்தக்க சோதனை இது என்பதால், திருப்பி எடுத்துக்கொள்ளாத விற்பனையாளரிடம் விலை கூடிய தாளை வாங்காதிருப்பது நல்லது. ஈபேயில் பொருள் சொன்னபடி இல்லாவிட்டால், அது வந்து சேர்ந்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் முறையிடலாம். அதற்கு மேல் தாமதித்தால் உரிமை போய்விடும்.

சீலையில் ஒட்டப்பட்டவை என்று விற்கப்படுபவற்றைப் பற்றியும் ஒரு சொல். கிழிசலைத் தாங்குவதற்காக மெல்லிய யப்பானியக் காகிதமும் துணியும் சேர்த்து, பின்னாளில் நீரால் பிரிக்கத்தக்க மாப்பசையால் ஒட்டுவது முறையான பராமரிப்பே. ஆனால் ஒட்டியபின் பின்பக்கம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஒட்டுவதற்கு முன் எடுத்த ஒளிப்படம் இல்லையென்றால் நாம் வாங்குவதில்லை. இதை எழுதுபவரும் முன்பக்கப் படத்தை மட்டும் நம்பி ஒரு தாளை வாங்கி, பின்னால் ஒட்டுநாடா மஞ்சளித்து முன்பக்கம்வரை ஊறியிருந்ததைக் கண்டு வாயடைத்துப் போனவர்தான்.

கேள்வி (சாவகச்சேரி): கடைசி நொடியில் எவரோ புகுந்து தட்டிக்கொண்டு போகிறார்கள். என்ன செய்வது?

பதில்: நீங்கள் கொடுக்கத் தயாரான உச்சத் தொகையை ஒரே தடவையில் பதிந்துவிட்டு விலகி இருங்கள். 60 டொலர் என்று பதிந்தாலும், அடுத்தவர் 41இல் நின்றால் நீங்கள் செலுத்துவது 42 மட்டுமே. தளமே உங்களுக்காகப் படிப்படியாக ஏற்றும். அதையும் தாண்டி ஒருவர் எடுத்துக்கொண்டால் அவர் உங்களைவிடக் கூடுதலாக மதித்திருக்கிறார், அவ்வளவுதான். நேரத்தையும் கவனியுங்கள்: கலிபோர்னியாவில் ஞாயிறு மாலை 6 மணிக்கு முடியும் ஏலம் நமக்குத் திங்கட்கிழமை காலை 7.30, அவர்களுடைய கோடைகாலத்தில் 6.30. அலுவலகத்துக்கு வெளிக்கிடும் அவதியில் தொகையை ஏற்றிவிட்டு, பின்னர் வருந்தியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

கேள்வி (பருத்தித்துறை): இங்கிருந்தே விற்க விரும்புகிறேன். பணம் எப்படி வரும், எப்படிப் பொதிசெய்ய வேண்டும்?

பதில்: இணையவழிப் பணப் பரிமாற்றச் சேவையான பேபால் பல ஆண்டுகளாக இலங்கையருக்குப் பணம் அனுப்ப மட்டுமே வழி தந்துவந்தது. இங்கிருந்து ஈபேயில் விற்பவர்கள் அதைப் போன்ற இன்னொரு சேவையான பயோனியரின் கணக்கில் பணத்தைப் பெற்று உள்ளூர் வங்கிக்கு மாற்றிக்கொள்கின்றனர். தளக் கட்டணத்தையும் தபாற் செலவையும் கழித்த பின் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்; விலை குறைந்த தாள்களில் ஒன்றும் மிஞ்சாது, ஐந்தாறைச் சேர்த்து ஒரே தொகுதியாக இடுவதுதான் வழி.

ஏற்கெனவே மடித்த தாளைச் சுருட்ட வேண்டாம். அதே மடிப்பில், நீர் புகாத உறையிலிட்டு, இரு தடித்த அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்புங்கள். மடியாதவற்றுக்கு மூன்று அங்குல விட்டத்துக்குக் குறையாத தடித்த குழாய் வேண்டும். குழாய்க்குள் தாள் அங்குமிங்கும் ஓடாதபடி இரு முனைகளிலும் காகிதம் திணிக்க மறக்காதீர்கள். விபரத்தில் ஒவ்வொரு கிழிசலையும், ஊசித் துளையையும், கறையையும் நீங்களே எழுதிவிடுங்கள். குறையை மறைத்து வாங்கும் பத்து டொலர், பொதி திரும்பி வரும்போது தபாற் செலவோடு சேர்ந்து போய்விடும்.

கேள்வி (நல்லூர்): ‘குத்துவிளக்கு’, ‘பொன்மணி’, ‘வாடைக்காற்று’ ஆகிய நம் நாட்டுப் படங்களின் சுவரொட்டிகள் என்னிடம் ஒவ்வொன்று உள்ளன. வெளிநாட்டில் இருந்து கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: 1972, 1977, 1978 என்று அடுத்தடுத்து வந்த இம்மூன்றும் மிகக் குறைந்த எண்ணிக்கையில் எடுக்கப்பட்ட இலங்கைத் தமிழ்ப் படங்களைச் சேர்ந்தவை. தென்னிந்தியப் படச் சுவரொட்டி கிழிந்தால் சென்னையில் இன்னொன்று தேடலாம். இவற்றுக்கு அந்த வாய்ப்பு மிகவும் அரிது. விற்பது உங்கள் உரிமை. ஆனால் அதற்கு முன் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனத்தாரை அணுகி, முன்பக்கமும் பின்பக்கமுமாக முழு அளவில் நகலெடுக்கச் செய்யுங்கள். 1981இல் பொது நூலகத்தோடு 97,000 நூல்களைத் தீக்குக் கொடுத்த ஊரில், இருக்கும் ஒரே பிரதியை நகலெடுக்காமல் கப்பலேற்றுவதற்கு எங்களால் ஆமாம் போட முடியவில்லை. இரண்டாவது, கலாசாரச் சொத்துகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் தாள்களுக்கு அனுமதி தேவையா என்பதைத் தொல்பொருள் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டுப் பெற்ற பின்னரே விலை பேசுங்கள்.

கேள்வி (வட்டுக்கோட்டை): மாரி காலத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது, இராமபாணப் பூச்சியும் அரிக்கிறது. லமினேட் செய்துவிடலாமா?

பதில்: செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பின்னர் உரிக்க முடியாது. சேகரிப்பாளர் எவரும் அதை வாங்கமாட்டார். அமிலமற்ற காகிதத்தை இடையிட்டு, தட்டையான பெட்டியில், நிலத்திலும் வெளிச்சுவரிலும் படாமல் அலுமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். மழை ஓய்ந்து வெயில் ஏறியதும் நிழலில் ஒரு நாள் விரித்து ஆறவிட்டு, தாள் நன்றாக உலர்ந்தபின் மீண்டும் மூடுங்கள்.