மாணவர் புராஜெக்டுக்கு ஆன்லைன் கருவிகளை வைத்து மதிப்பெண் போடலாமா?

போடலாம். ஆனால் எந்தக் கருவியிடம் எந்த வேலையைக் கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். நான் ஈரோடு பக்கம் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் ஐம்பது புராஜெக்டாவது என் கைக்கு வரும்.

எனக்கு அதிகம் உதவுவது கூகுள் கிளாஸ்ரூமில் உள்ள ரூப்ரிக், அதாவது மதிப்பெண் பிரிப்புப் பட்டியல். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை வேலையைக் கொடுக்கும்போதே மாணவர்கள் பார்க்கும்படி வைத்துவிடலாம். நான் கள விசாரணைக்கு மட்டும் 20 வைத்திருக்கிறேன். மஞ்சள் மண்டிக்கு ஒரு மென்பொருள் செய்கிறவர்கள் மண்டியில் மூட்டைக் கணக்கு எழுதுகிறவரிடம் போய்ப் பேசியிருக்க வேண்டும். முன்பெல்லாம் காலையில் திருத்திய ரிப்போர்ட்டுக்கும் இரவு களைத்துப்போய்த் திருத்தியதற்கும் என் கை ஒரே மாதிரி இருந்ததில்லை. அது இப்போது பெருமளவு சரியாகிவிட்டது.

அடுத்தது, காப்பி கண்டுபிடிக்கும் மென்பொருள். அது காட்டும் சதவீதம் ஒற்றுமையின் அளவு மட்டுமே, திருட்டின் அளவு அல்ல. சான்றிதழ்ப் பக்கம், உறுதிமொழி, பொருளடக்கம் எல்லாம் வகுப்பு முழுக்க ஒன்றாகத்தான் இருக்கும். அவற்றைக் கழித்துவிட்டுப் பாருங்கள். ஆய்வேடுகளுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகளே 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்கின்றன.

ஏஐ எழுதியதா என்று சொல்லும் கருவிகளை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். ஓப்பன்ஏஐ நிறுவனம் தான் வெளியிட்ட அப்படி ஒரு கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் தானே நிறுத்திவிட்டது. பாடப்புத்தக ஆங்கிலம் எழுதும் நம் பிள்ளைகளை, ஏஐ எழுதியது என்று தவறாகச் சொல்லிவிடக்கூடிய ஒரு கருவிக்குப் பலி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கூகுள் டாக்ஸில் வெர்ஷன் ஹிஸ்டரி நல்ல வசதி. எடிட் உரிமையோடு பகிரச் சொன்னால், எந்தப் பகுதி எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்று பார்க்கலாம். அதிலும் நான் ஒருமுறை தவறினேன். பள்ளிபாளையத்துப் பையன் ஒருவனுடைய ரிப்போர்ட் முழுவதும் ஒரே ராத்திரியில் ஏறியிருந்தது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிவிட்டான் என்று முடிவு கட்டி, மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டுவிட்டேன். மறுநாள் நூறு பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான்.

"எங்கூட்டுல லேப்டாப் இல்லீங்க மேடம். தறி ஓடறப்ப பக்கத்துல உக்காந்து எழுதுனதுங்க. கூட்டாளி லேப்டாப் ஒரு நாளைக்குத்தானுங்க கெடச்சுது."

அடித்தல் திருத்தலோடு எல்லாம் அதில் இருந்தது. அன்றே மதிப்பெண்ணை மாற்றினேன், அவனிடம் மன்னிப்பும் கேட்டேன்.

அப்புறம் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். கருவி என்ன காட்டினாலும், ஒவ்வொருவரையும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார வைக்கிறேன். அவர்கள் எழுதிய நிரலில் சின்னதாக ஒன்றை என் கண் முன்னால் மாற்றச் சொல்கிறேன். பில்லில் தள்ளுபடி சேர், தேதி வரிசையில் காட்டு, அந்த மாதிரி. ஐம்பது பேருக்கு இரண்டு மூன்று நாள் ஆகிறது. அதன் பிறகுதான் ரூப்ரிக்கைத் திறக்கிறேன்.